படியில் நிற்கும் குடல்

மனிதர்களுக்குச் சிறுகுடல் இருபது அடி நீளம் என்று டாக்டர் சொன்னார். மற்றவர்களுக்கு இருக்கலாம். எனக்கு நாற்பதுக்குக் குறையாது. முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றபடியே குலுங்கியவள் நான். அந்தக் குலுக்கலில் மேல்கம்பியே ஒரு சாண் நீண்டிருக்கிறது, குடல் நீளாதா?

ஓய்வு பெற்ற ஆறாவது வருஷம் கருப்பையில் கட்டி என்றார்கள். பூசணிக்காய் அளவு என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தேன். எடுத்த பிறகு பார்த்தால் எலுமிச்சம்பழம்கூடத் தேறவில்லை. எனக்கே கொஞ்சம் அவமானமாகப் போய்விட்டது. கட்டியோடு கருப்பையையும் எடுத்தார்கள். மிச்சம் மீதி எங்காவது பதுங்கியிருந்தால் சுட்டுத் தள்ள, அடிவயிற்றில் இருபத்தைந்து தடவை கரண்ட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கதிர் சிகிச்சைக்கு எங்கள் வாயில் அதுதான் பேர். வாரத்தில் ஐந்து நாள், சனியும் ஞாயிறும் லீவு.

"பரவாயில்லையே, எங்க டிப்போவுல இப்படி ஒரு லீவு கிடைச்சதே இல்ல" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சிரித்தால் ஆஸ்பத்திரிச் சுவர் விரிசல் விடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்க வேண்டும். பேனாவை எடுத்துத் தாளில் ஒரு வயிறு வரைந்தார்.

"கருப்பை இருந்த இடம் இப்ப காலிம்மா. காலி இடத்தைப் பாத்தா குடல் சும்மா இருக்காது, இறங்கி வந்து உக்காந்துக்கும். நாங்க கரண்ட் வைக்கப்போறதும் அங்கதான்."

"வாடகைக்கு வந்துடுச்சுன்னு சொல்லுங்க."

"வந்தா அதுக்குத்தான் கேடு" என்றவர், பொறுமையாக விளக்கினார். சிறுகுடலின் உள்பக்கம் துவாலை மாதிரி இருக்குமாம். துவாலையில் நூல் நூலாக நிற்கிறதே, அதுபோல் லட்சக்கணக்கில் பொடிப்பொடி விரல்கள். நாம் தின்னும் சோற்றிலிருந்து சத்தை உறிஞ்சுவது அவைதாம். நாலைந்து நாளில் பழைய தோல் உதிர்ந்து புதுசு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு விரலுக்கும் அடியில் ஒரு நாற்றங்கால். கதிர் முதலில் கை வைப்பது அந்த நாற்றங்காலில். பழசு உதிரும், புதுசு முளைக்காது. துவாலை மொட்டைத் துணியாகிவிடும். அப்புறம் தின்றது தின்றபடி ஓடும். அளவோடு பட்டால் சில வாரத்தில் தானாகத் தழைத்துவிடும். அளவு மீறினால் தழும்பு விழுந்து ஆயுசுக்கும் தொல்லை.

"சரி, அதை மேல ஏத்துறது எப்படி?"

"மூத்திரப்பையை நிரப்பணும். அது பலூன் மாதிரி உப்பி, குடலை மேல தள்ளிடும். தினமும் ஒரு மணி நேரம் முன்னாடி ஒன்னுக்குப் போயிட்டு, அரை லிட்டர் தண்ணி குடிங்க. அப்புறம் அடக்கிக்கிட்டே வந்து படுக்கணும். கரண்ட் வச்சு முடிக்கிற வரைக்கும் விடக்கூடாது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "படியில நிக்காதே, மேல ஏறு, மேல ஏறு" என்று ஒரு நாளைக்கு லட்சம் தடவை கத்தியவள் நான். ஊரே கேட்டது, என் வயிற்றுக்குள் கிடக்கிற குடல் கேட்காதா? அடக்குவதைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அதற்கு ஒரு பந்தயம் வைத்திருந்தால் கோப்பை வைக்க எங்கள் வீட்டில் இடம் இருந்திருக்காது.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சிட்டையில் எழுதிக்கொண்டார். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். அவருக்கு நான் வைத்த பட்டப்பேர் சின்ன முள். நடையும் அப்படி, பேச்சும் அப்படி. நகர்வதே தெரியாது, ஆனால் சரியான நேரத்துக்குச் சரியான இடத்தில் நிற்பார். அவருக்கு நான் கண்டக்டரம்மா.

"பத்தரைக்குக் கரண்ட். ஒன்பதரைக்குத் தண்ணி. அளவுக்கு நான் கோடு போட்டுத் தர்றேன், கண்டக்டரம்மா" என்றார். பாட்டிலில் அவர் போட்ட கோடு தலைமுடியைவிட மெல்லியது.

கரண்ட் வைக்கும் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. கதவு மட்டும் ஒரு யானை கனம். வெளியே பத்து நாற்காலி. இடம் போதாததால் கூட வருகிறவர்கள் மாடிப்படியின் மேலேயே நின்றுவிட வேண்டும். கீழே நாங்கள் பத்துப் பேர், ஆளுக்கொரு பாட்டில், காலை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருப்போம். ஒருவரும் இருமமாட்டார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக் கொன்றுவிடுவார்கள். அந்த இடத்தில் நகைச்சுவை சொல்வது கொலைக்குற்றம். நான் தினமும் இரண்டு கொலையாவது செய்தேன்.

"அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், பேசாதீங்க. நான் சிரிச்சா உங்க செருப்புதான் நனையும்" என்றார் பக்கத்து நாற்காலி வாத்தியார்.

அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆண்களுக்கு வருகிற சுரப்பிக் கட்டிக்காக வந்துகொண்டிருந்தார். அவருக்கும் இதே தண்ணீர்ச் சட்டம்தான். ஆனால் அரை லிட்டர் என்றால் அவர் அறுநூறு குடிப்பார். "கேட்டதுக்கு மேல எழுதினாத்தாம்மா சென்டம்" என்பார்.

பதினொரு கரண்ட் வரை ராஜபாட்டை. திங்கட்கிழமைதோறும் கரண்ட் வைக்கும் முன் மெஷினிலேயே வயிற்றைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது திங்கட்கிழமை மெஷினை ஓட்டுகிற பொண்ணு, "சூப்பர்ம்மா, குடல் நல்லா மேல நிக்குது" என்று கட்டைவிரலைக் காட்டினாள். முப்பது வயது இருக்கும் அவளுக்கு. ஓடும் பஸ்ஸில் கூட்டத்துக்குள் பின்வாசலுக்குப் போய் வருகிற கண்டக்டருக்கு இருக்க வேண்டிய சுறுசுறுப்பு.

மறுநாள் செவ்வாய், பன்னிரண்டாவது கரண்ட் அன்று வயிறு கழன்றுகொண்டது.

எத்தனை தடவை போகிறோம் என்று தினமும் ஒரு தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளைக் கொடுக்கும்போதே டாக்டர் எச்சரித்திருந்தார். "ஏழைத் தாண்டினா ஒரு வாரம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். நிறுத்தினா அந்த ஒரு வாரம் நோய்க்கு லீவு விட்ட மாதிரி. அது தலைதூக்கலாம்."

எனக்கு உள்ளபடி எட்டு. நான் வெளியே சொல்வதாக இருந்தால் எண்பது. தாளில் எழுதியதோ மூன்று. என் வாழ்நாளில் எதையாவது குறைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு. எலுமிச்சையளவு கட்டிக்குப் பயந்தவள் இல்லை என்று ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அதன் குட்டி ஒன்று எனக்குள் ஒளிந்திருக்கலாம் என்ற நினைப்பு நெஞ்சுக்குள் ஊசியாக நின்றது. அதற்கு ஒரு நாள்கூட லீவு விட எனக்கு மனசில்லை.

அந்த அவசரத்தில்தான் புத்தி கெட்டது. உள்ளே தண்ணீர் போனால்தானே வெளியே போகும்? ஊற்றாவிட்டால்? பாட்டிலை வாத்தியாரிடம் நீட்டினேன். "எனக்கு எக்ஸ்ட்ரா, நீங்க குடிங்க." அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். நூற்றுக்கு நூற்றைம்பது வாங்கும் வாய்ப்பை எந்த வாத்தியார் விடுவார்? செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நாலு நாள் இப்படி.

அடுத்த திங்கட்கிழமை, பதினாறாவது கரண்ட். மேஜையில் படுத்தேன். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்தது. யானைக்கதவு திறந்தது. மெஷின் பொண்ணு கட்டைவிரல் இல்லாமல் வந்தாள்.

"அம்மா, எழுந்திரிங்க. கூட வந்தவர் மேல இருக்காரா? கூப்பிடுறேன்."

சின்ன முள் இறங்கி வந்தார். அவள் திரையில் இரண்டு படத்தைக் காட்டினாள். "இது போன வாரம். இது இன்னிக்கு." போன வாரத்துப் படத்தில் மூத்திரப்பை வட்டமாக இருந்தது, குடல் அதன் தலைமேல் மடிந்து ஒதுங்கியிருந்தது. இன்றையதில் பை வற்றல் மாதிரி. குடல் அவ்வளவும் கீழே வந்து, அவள் காட்டிய சிவப்புக் கோட்டுக்குள் திமுதிமுவென்று நின்றது. ஆபீஸ் நேரத்துப் படிக்கட்டேதான்.

"இந்தக் கோட்டுக்குள்ளதாங்க கரண்ட். இன்னிக்கு இப்படியே வைக்க முடியாது. தண்ணி குடிச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றாள். பிறகு வெளியே பார்த்து, "வாத்தியாரே, சித்த முன்னாடி எடுத்த படத்துல உங்க பை மட்டும் ஏரி மாதிரி இருந்துச்சே, என்ன சங்கதி?" என்று கேட்டாள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

நாங்கள் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தோம்.

"காலையில பாட்டில் நிறையக் குடுத்தேனே" என்றார்.

"வாத்தியார் குடிச்சாரு."

"வெள்ளிக்கிழமை?"

"வாத்தியார்."

"அதுக்கு முன்னாடி?"

"அவர்தாங்க. சென்டம் வாங்கட்டும்னு..."

"கண்டக்டரம்மா." அவர் அப்படி நிறுத்திச் சொன்னால் பஸ்ஸே நிற்கும். "என்ன ஆச்சு?"

சொன்னேன். எட்டு தடவையைச் சொன்னேன். தாளில் மூன்று எழுதியதைச் சொன்னேன். "வயிறு இந்த லட்சணத்துல இருக்கு. அதோட அரை லிட்டரையும் ஊத்திக்கிட்டு அந்த மேஜையில படுத்தா, அந்தப் பொண்ணு முன்னாடி ஏதாவது ஆயிடுமோன்னு பயம். தண்ணி இல்லாட்டி பயமில்ல. எனக்கு அது பழக்கம்தானே? டியூட்டிக்குக் கிளம்புற அன்னிக்கு நான் ஒரு சொட்டு இறக்குனது கிடையாது."

"என்னது?"

"பின்ன? பொம்பள கண்டக்டர் நடுவழியில வண்டிய நிறுத்தி எங்க போய் ஒதுங்குறது? காலைல ஏறினா சாயங்காலம்தான். வாயைக் கொப்புளிச்சுத் துப்புவேன், அவ்வளவுதான். எங்க டிப்போல எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான்."

சின்ன முள் நகர்வது தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அன்று நகரவே இல்லை.

"அப்ப நான் தினம் குடுத்து விட்ட தண்ணி?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் விடியற்காலையில் எழுந்து, தண்ணீரைக் காய்ச்சி, ஆற வைத்து, வடிகட்டி, என் பையில் வைத்து அனுப்பியவர் அவர். கோடைகாலத்தில் பாட்டிலைச் சுற்றி ஈரத்துணி வேறு. சாயங்காலம் காலிப் பாட்டிலைப் பார்த்து, "பரவாயில்ல, முழுசாக் குடிச்சிருக்கியே" என்று திருப்திப்படுவார். அந்த முகத்துக்காகவே காலி செய்து கொண்டு வருவேன்.

"டிரைவர் குடிப்பாரு" என்றேன்.

"தினமுமா?"

"சில நாள் வண்டி கொதிக்கும். ரேடியேட்டர்ல..."

"ரேடியேட்டர்லயா?"

"பாதிதாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காய்ச்சுனேனே. ஆற வேற வச்சேனே. ஏற்கெனவே கொதிக்கிற வண்டிக்கு நான் எதுக்குடி காய்ச்சி ஆற வைக்கணும்?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்று தெரிந்ததும் என் சிரிப்பு அடங்கிவிட்டது.

"முப்பத்தொரு வருஷம் தொண்டை காஞ்சு போய் நின்னிருக்க. பக்கத்துல படுத்திருக்கிறவனுக்குத் தெரியல" என்றார்.

"சொல்லியிருந்தா வேலைய விடச் சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

அவர் எழுந்து போய் இரண்டு பாட்டில் வாங்கி வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார், மற்றதை அவர் திறந்தார். "உனக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. நீ விடுற வரைக்கும் நானும் விடமாட்டேன்."

"உங்களுக்கு எதுக்குங்க? எழுபது வயசுல..."

"பேசாம குடி."

அன்றைய கரண்ட் எப்படியோ முடிந்தது. பிறகு டாக்டரிடம் போய் எட்டு என்று சொன்னேன். அவர் என் தாளில் இருந்த மூன்றுகளை ஒவ்வொன்றாக அடித்தார். "குடல் கீழ இறங்கினது மட்டுமில்லம்மா, உடம்புல நீரும் வத்திப் போச்சு. போறதை ஈடுகட்ட நாள் முழுக்கக் குடிக்கணும்" என்று மாத்திரை கொடுத்தார்; உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், குழைந்த சோறு, வாழைப்பழம், பாலுக்குத் தடை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். குறைஞ்சா மேற்கொண்டு வைக்கலாம். குறையலைன்னா நிறுத்தியே ஆகணும்." வெள்ளிக்கிழமை எனக்குத் தூக்கு மேடை நாள் மாதிரி ஆயிற்று.

மறுநாள் செவ்வாய். சின்ன முள் முன்கூட்டியே மெஷின் பொண்ணிடம் போய்க் கெஞ்சி, எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி வாங்கிவிட்டார். இருவரும் கோடு வரை குடித்தோம். வாத்தியார் வெட்கத்தோடு தன் பாட்டிலை மட்டும் குடித்தார். நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அந்த அறையின் சரித்திரத்தில் அப்படியொரு நாள் இல்லை.

மேஜையில் ஏறும் முன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். "பாப்பா, இன்னிக்கு ஏதாவது ஆயிட்டா..."

"ஆகட்டுமே" என்றாள். "மேஜைய நான் துடைச்சுக்குவேன். உள்ள வெந்துபோன குடலைத் துடைச்சுத் தர எனக்குத் தெரியாது. நீங்க நிரப்பிட்டு மட்டும் வாங்க, மத்ததை என்கிட்ட விடுங்க."

கதவு மூடியது. மெஷின் சுற்ற ஆரம்பித்து, பாதியில் உறுமி நின்றது. ஒலிபெருக்கியில் அவள் குரல்: "அசையாதீங்கம்மா. மெஷின் நின்னுடுச்சு. அஞ்சு நிமிஷம்."

அது ஐந்து வருஷம். அடிவயிற்றில் அரை லிட்டர் இல்லை, ஒரு அணைக்கட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு என் பழைய ரூட்டை எடுத்தேன். டிப்போவிலிருந்து கடைசி ஸ்டாப் வரை இருபத்திரண்டு நிறுத்தம். ஒவ்வொன்றாக ஆளை ஏற்றி, இறக்கி, விசில் கொடுத்தேன். "படியில நிக்காதே, மேல ஏறு. மேல ஏறு, ராஜா, உள்ள இடம் இருக்கு" என்று என் குடலிடம் மெதுவாகச் சொன்னேன். பதினெட்டாவது நிறுத்தத்தில் மெஷின் மறுபடி சுற்றியது. இருபத்தொன்றில் ஒரு மணிச் சத்தம். "முடிஞ்சுதும்மா!"

கடைசி நிறுத்தம் வரை வண்டி போகவில்லை. மேஜையிலேயே எல்லாம் போய்விட்டது. எல்லாம் என்றால், எல்லாம்.

நான் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் வந்தாள், கையுறை போட்டாள், ஒரு துணியை என்மேல் போர்த்தினாள். வீட்டில் பால் கொட்டினால் துடைப்போமே, அந்த முகத்தோடு துடைத்தாள். "முழுசா வச்சாச்சும்மா. ஒரு துளி குறையல" என்றாள். மாற்றுத் துணி கட்டிக்கொண்டு நான் அவள் தலையில் கை வைத்தேன். சொல்ல என்னென்னவோ வந்தது, ஆயுசு ஆயிரம் வருஷம் என்கிற மாதிரி. ஒன்றும் வாயை விட்டு வரவில்லை.

வெளியே வந்தேன். சின்ன முள் நாற்காலியில் காலைப் பின்னிக்கொண்டு, வியர்த்துக் கொட்டி, முகம் நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார்.

"விட்டுட்டேங்க" என்றேன்.

"முன்னாடியா, பின்னாடியா?"

"முடிஞ்ச பிறகுதான்."

"அப்பச் சரி" என்றார். நாற்பத்தைந்து வருஷக் குடும்பத்தில் அந்த மனுஷன் ஓடி நான் பார்த்தது அன்றுதான். அவர் போன வேகத்தில் சுவரில் இருந்த அறிவிப்புத் தாள்கள் எல்லாம் பறந்தன. வாத்தியார் சிரித்துவிட்டார். பிறகு வாத்தியாரும் ஓடினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தாளில் நாலு. ஒரு கோடு கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. டாக்டர் நாலையும் பார்த்தார், திங்கட்கிழமைப் படத்தையும் அன்றைக்கென்று புதுசாக எடுத்த படத்தையும் பார்த்தார். "மேற்கொண்டு வைங்க" என்று எழுதினார். இருபத்தைந்தும் ஒரு நாள் தவறாமல் முடிந்தது.

முடிந்த உடனே வயிறு கேட்குமா? இன்னும் ரெண்டு மூணு வாரம் இப்படித்தான் இருக்கும், நாற்றங்கால் மறுபடி பிடிக்க வேண்டும் என்றிருந்தார் டாக்டர். வீட்டில் எனக்கும் குளியலறைக்கும் நடுவில் யாரும் ஒரு செருப்பைக்கூடப் போட்டு வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன். முழித்துப் பார்த்தால் மணி நாலு. திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை போனது. அதற்குப் பிறகு? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வயிற்றில் கை வைத்தேன். சத்தமில்லாமல், வேலை பார்த்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக இருந்தது.

கூடத்தில் சின்ன முள் ஜன்னலோரம் வேலைப்பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கைக்கடிகாரம் பின்மூடி திறந்தபடி காலையில் இருந்த அதே நிலையில் கிடந்தது.

"என்னங்க!" என்று கத்தினேன். "காலைல ஏழு மணிக்குப் போனேன். அப்புறம் போகவே இல்லைங்க!"

"தெரியும்" என்றார் திரும்பாமல்.

"தெரியுமா? எப்போலேருந்து?"

"பத்து மணிலேருந்தே பாத்துட்டு இருக்கேன்."

"பத்து மணிலேருந்தா? அப்ப ஏன்யா சொல்லல?"

"சொன்னா கண்ணு பட்டுடுமோன்னுதான்."

"யார் கண்ணு? வீட்டுல நீங்களும் நானும்தானே இருக்கோம்?"

"என் கண்ணுதான்" என்றார். "ஆறு மணி நேரமா வேற எதையும் பாக்கலையே."